முதலில் கத்தி, பிறகு பெயர்

வெட்டி எடுக்கப்பட்ட நுரையீரல் மடல் ஒன்று, ஃபார்மலின் நிரம்பிய டப்பாவில் நோயியல் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்கிறது. கையுறை மாட்டிய விரல்களால் மருத்துவர் அதைத் தடவிப் பார்க்கிறார். மெத்தென்ற திசுவுக்குள் ஓரிடம் மட்டும் கெட்டியாகத் தட்டுப்படுகிறது. நீளமான கத்தியால் அந்த இடத்தைக் குறுக்கே அறுத்தால் கட்டி தெரிகிறது. விளிம்பு ஓரளவு உருண்டை, நிறம் வெளிறிய சாம்பல், நடுவே மஞ்சளும் பழுப்புமாகச் செத்துப்போன பகுதி. கட்டி எத்தனை சென்டிமீட்டர், மேலுறையைத் தொட்டுவிட்டதா, மூச்சுக்குழாய் வெட்டப்பட்ட முனையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளவுகோலை வைத்து அளந்து சொல்லச் சொல்ல, உதவியாளர் குறித்துக்கொள்கிறார். பிறகு கட்டியிலிருந்து சிறு சிறு துண்டுகள் வெட்டப்பட்டு, மெழுகில் பதிக்கப்படுகின்றன.

லார்ஜ் செல் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா என்ற நுரையீரல் புற்று பல நோயாளிகளில் அடையாளம் காணப்படுவது இந்த மேசையில்தான். தமிழில் அதைப் பெருஞ்செல் நரம்புச் சுரப்புப் புற்று எனலாம். பெயர் தெரியவருவது, அறுவை சிகிச்சை முடிந்து நோயாளி வார்டில் தேறிவரும் நாட்களில்.

வழக்கம் இதற்கு நேர்மாறானது. துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள், நோய்க்குப் பெயர் சொல்வார்கள், பெயரை வைத்துச் சிகிச்சையைத் தீர்மானிப்பார்கள். மார்பகப் புற்றிலும் குடல் புற்றிலும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. நுரையீரல் புற்றுகளில் ஏறத்தாழ 3 சதவீதமே இருக்கும் இந்த வகையில் அந்த வரிசை அடிக்கடி தலைகீழாகிவிடுகிறது. சிகிச்சையின் மிகப் பெரிய கட்டம் நடந்து முடிந்த பிறகே இன்ன நோய்க்குத்தான் சிகிச்சை நடந்தது என்று தெரியவருகிறது. இந்த நோயில் அறுவை எவ்வளவு பலன் தரும் என்று கேட்பவருக்கு நேரான ஓர் எண்ணைத் தர முடியாததற்கும் இதுவே வேர்க்காரணம். நோயைக் கண்டறிவதும் அறுவையின் பலனும் இங்கே இரண்டு தனிக் கேள்விகள் இல்லை என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது.

நம் மூச்சுக்குழாய்களின் உள்வரிச் சவ்வில், சாதாரணச் செல்களுக்கு நடுவே ஆங்காங்கே சில வினோதமான செல்கள் இருக்கின்றன. நரம்புச் செல்லின் குணமும் சுரப்பிச் செல்லின் குணமும் அவற்றுக்கு உண்டு. சில தனியாகவும் சில கொத்தாகவும் இருக்கும். காற்றில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து செரடோனின் போன்ற பொருள்களை வெளியிடுவது அவற்றின் வேலைகளில் ஒன்று. இந்தச் செல்களின் சாயலைக் காட்டும் நுரையீரல் கட்டிகளை ஒரு குடும்பமாக வைத்திருக்கிறார்கள். குடும்பத்தில் நான்கு பேர். முதலாவது, மெதுவாக வளரும் கார்சினாய்டு. அடுத்தது, அதைவிடச் சற்று முரட்டுத்தனமான, வழக்கம் மீறிய கார்சினாய்டு. மற்ற இரண்டும் கொடியவை: சிறுசெல் புற்றும் பெருஞ்செல் நரம்புச் சுரப்புப் புற்றும்.

சிறுசெல் புற்றை மருத்துவ உலகம் 1920களிலிருந்தே நன்றாக அறியும். கார்சினாய்டு என்ற பெயரோ 1907-இல் ஜெர்மன் நோயியல் அறிஞர் சீக்ஃப்ரீட் ஓபர்ன்டார்ஃபர் குடல் கட்டிகளுக்கு வைத்தது. இந்த இரு முனைகளுக்கும் நடுவே, இதிலும் சேராமல் அதிலும் சேராமல் சில கட்டிகள் நெடுங்காலமாக நோயியல் மருத்துவர்களை இழுத்தடித்தன. செல்கள் பெரியவை, வேகமாகப் பிரிகின்றன, ஆனால் அடுக்கு மட்டும் நரம்புச் சுரப்புக் கட்டியைப் போல. அமெரிக்க நோயியல் அறிஞர் வில்லியம் டிராவிஸும் அவருடைய சகாக்களும் 1991-இல் இவற்றைத் தனி வகையாகப் பிரித்து, அடையாள விதிகளை முன்வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் அதை ஏற்றபோது, பெருஞ்செல் புற்று என்ற பொதுத் தலைப்பின் கீழ் ஓர் உட்பிரிவாக வைத்தது. 2015-இல்தான் அது நரம்புச் சுரப்புக் குடும்பத்துக்குள் கொண்டுவரப்பட்டது. முப்பது வருடச் சொச்சத்துக்கு முன்பு பெயரே இல்லாதிருந்த ஒரு நோய். அதற்கு முந்தைய நோயாளிகளின் கதைகள் வேறு வேறு பெயர்களில் பழைய கோப்புகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன.

இனி மைக்ரோஸ்கோப்புக்கு வருவோம். மெழுகுக் கட்டையிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவிய திசு, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றப்பட்டிருக்கிறது. குறைந்த உருப்பெருக்கத்தில் முதலில் தெரிவது அடுக்கு. புற்றுச் செல்கள் கூடு கூடாகத் திரண்டிருக்கும். ஒவ்வொரு கூட்டின் ஓரத்திலும் செல்கள் வேலிக் கம்புகளாக வரிசை கட்டி நிற்கும். சில இடங்களில் ஒரு சிறு வெற்றிடத்தைச் சுற்றி வட்டமாக அமர்ந்து பூவடிவம் காட்டும். கூடுகளின் நடுப்பகுதி பல இடங்களில் செத்து, வெறும் இளஞ்சிவப்புக் குப்பையாகிக் கிடக்கும். ரத்த ஓட்டம் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் கட்டி வளர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

உருப்பெருக்கத்தைக் கூட்டினால் செல்களின் முகம் தெரியும். சிறுசெல் புற்றில் கருவைச் சுற்றிச் சைட்டோபிளாசம் இருப்பதே தெரியாது. கருக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, பொடிப்பொடியான உட்புறத்துடன் இருக்கும். பெருஞ்செல் வகையிலோ சைட்டோபிளாசம் தாராளம். கருவுக்குள் நியூக்ளியோலஸ் ஒரு பொட்டாகத் தெளிவாகத் தெரியும். லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் அகலத்தைவிடச் செல் பெரிதாக இருக்க வேண்டும் என்பது ஒரு கைக்கணக்கு.

பிறகு எண்ணும் வேலை. பிரிந்துகொண்டிருக்கும் செல்களைத் தேடி, 2 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். முன்பெல்லாம் பத்து பார்வைப் புலங்களில் எத்தனை என்று எண்ணிவந்தார்கள். மைக்ரோஸ்கோப்புக்கு மைக்ரோஸ்கோப் புலத்தின் அகலம் மாறுவதால், ஒரே கட்டிக்கு இரண்டு ஊரில் இரண்டு எண்கள் வந்தன. அதனால்தான் இப்போது பரப்பளவைச் சொல்கிறார்கள். எண்ணிக்கை 2-க்குக் குறைவென்றால் சாதாரணக் கார்சினாய்டு. 2 முதல் 10 வரை வழக்கம் மீறிய கார்சினாய்டு. 10-ஐத் தாண்டினால் கொடிய வகை. பெருஞ்செல் நரம்புச் சுரப்புப் புற்றில் அது பெரும்பாலும் 30-க்கும் மேலே போகும். ஆகவே கார்சினாய்டா, கொடிய வகையா என்பதில் பெரிய குழப்பம் வராது. கொடிய வகைகள் இரண்டுக்கும் நடுவேதான் தகராறு.

கடைசிச் சோதனை நிறச் சோதனை. குரோமோகிரானின், சினாப்டோபைசின், சி.டி.56 என்ற புரதங்களைத் தேடிப்போய் ஒட்டும் எதிர்ப்பொருள்களை ஸ்லைடில் விடுகிறார்கள். புரதம் இருக்கும் இடம் பழுப்பாகிறது. மூன்றில் ஒன்றாவது தெளிவாகப் பழுப்பானால் நரம்புச் சுரப்புக் குணம் உறுதி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அடினோகார்சினோமா என்ற சாதாரண நுரையீரல் புற்றுகளிலும் ஒரு பகுதி இந்தப் பழுப்பைக் காட்டும். அடுக்கைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் நம்பினால் இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிட நேரும். அடுக்கு, எண்ணிக்கை, செல்லின் முகம், நிறம் நான்கும் சேர்ந்தால்தான் இந்தப் பெயரைச் சூட்டலாம்.

இந்த நான்கையும் காட்ட நிறையத் திசு வேண்டும். மருத்துவர்கள் கைக்கு முதலில் கிடைப்பதோ மிகச் சிறிய துணுக்கு. சி.டி. ஸ்கேனைப் பார்த்தபடி மார்புச் சுவர் வழியாகச் செலுத்தும் ஊசி, ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு நூல்போன்ற திசுவை எடுத்துவரும். மூச்சுக்குழாய்க்குள் விடும் பிராங்கோஸ்கோப் வழியாகப் போகும் இடுக்கி கிள்ளி வருவதும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இடுக்கி கடிக்கும்போது மென்மையான இந்தச் செல்கள் நசுங்கி, கருக்கள் இழைகளாக நீண்டுவிடும். கோலத்திலிருந்து ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளி எடுத்து, இது சிக்குக் கோலமா பூக்கோலமா என்று கேட்டால் என்ன சொல்வது? அரிசி மாவு என்று சொல்லலாம், அவ்வளவுதான். நேர்மையான நோயியல் மருத்துவர் அந்தத் துணுக்கைப் பார்த்துவிட்டு, ‘சிறுசெல் அல்லாத புற்று, நரம்புச் சுரப்புக் குணம் இருக்கக்கூடும்’ என்று எழுதுவார். இந்த வகையாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை மட்டும் துணுக்கின் அறிக்கையில் குறிப்பிட்டுவிட்டு, முடிவை முழுக் கட்டி கிடைக்கும்வரை தள்ளிவைப்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும். தயக்கத்தோடு வரும் அந்த வரியைப் படித்து, ஆய்வுக்கூடம் சரியில்லை என்று குடும்பத்தினர் கோபப்படுவதுண்டு. அது மிக நல்ல அறிக்கை என்பேன். துணுக்கு தாங்காத உறுதியை அது காட்டவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில கட்டிகள் கலப்பு. ஒரு பாதி பெருஞ்செல் நரம்புச் சுரப்பு வகை, மறுபாதி அடினோகார்சினோமா. ஊசி எந்தப் பாதியில் இறங்குகிறதோ அந்தப் பெயர் வரும்.

யாருக்கு வருகிறது? பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு. நோயாளிகளில் 90 சதவீதத்துக்கு மேல் புகைப்பவர்கள் அல்லது ஒரு காலத்தில் புகைத்தவர்கள். கட்டி பெரும்பாலும் நுரையீரலின் ஓரப்பகுதியில், அதிலும் மேல் மடலில் வளரும். நடுவிலுள்ள பெரிய மூச்சுக்குழாய்களை அடைக்கும் வழக்கம் சிறுசெல் புற்றுக்கு உண்டு. இதற்கு அது குறைவு. அதனால் பலருக்குத் தொடக்கத்தில் இருமலும் இல்லை, ரத்தமும் இல்லை. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு நிழலாகத் தலைகாட்டும்.

நம் நாட்டில் அந்த நிழல் இன்னொரு ஆபத்தைச் சந்திக்கிறது. மேல் மடல், காசநோய் திரும்பக் கிளம்பும்போது விரும்பித் தங்கும் இடமும்கூட. காசம் பரவலாக உள்ள ஊரில் மேல் மடலில் நிழலைக் கண்டதும் காச மாத்திரை எழுதுவது பழக்கமாகிவிட்டது. சளியில் கிருமி தென்படாவிட்டாலும், ‘கொடுத்துப் பார்ப்போம்’ என்று இரண்டு மூன்று மாதம் போய்விடுகிறது. மெதுவாக வளரும் புற்றென்றால் அந்தத் தாமதத்தை ஒருவேளை தாங்கும். இது தாங்காது. ஒரு கணக்குப் பாருங்கள். 2 சென்டிமீட்டர் கட்டி தன் கன அளவில் இரட்டிப்பானால் குறுக்களவு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் ஆகும். படத்தில் அது ‘சற்றே பெரிது’. உள்ளே புற்றுச் செல்களின் எண்ணிக்கையோ இரண்டு மடங்கு. அடுத்த படத்தில் நிழல் சுருங்காவிட்டால், கிருமியும் கிடைக்காவிட்டால், மாத்திரையை நீட்டிப்பதைவிடத் துணுக்கு எடுப்பதே முறை. மருத்துவர்களும் நோயாளிகளும் இதில் பிடிவாதமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. அறுப்பதா வேண்டாமா?

சிறுசெல் புற்றின் வரலாறு இந்தக் கேள்வியின் மேல் கனத்த நிழலாகக் கவிந்திருக்கிறது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 144 சிறுசெல் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அறுவையும் மறு குழுவுக்குக் கதிர்வீச்சும் தருவதென்று ஒரு சோதனை நடத்தியது. பத்தாண்டுக் கண்காணிப்பின் முடிவு 1973-இல் வெளிவந்தது. அறுவைக் குழுவின் சராசரி ஆயுள் 199 நாட்கள், கதிர்வீச்சுக் குழுவில் 300 நாட்கள். அத்தோடு சிறுசெல் புற்றில் கத்தி கீழே வைக்கப்பட்டது. ஆனால் அந்த நோயாளிகள் பிராங்கோஸ்கோப்புக்கு எட்டும் இடத்தில், நடுப்பகுதியில் கட்டி இருந்தவர்கள். சி.டி. ஸ்கேன் என்பதே அப்போது புழக்கத்தில் இல்லை. நோய் ஏற்கெனவே எங்கெல்லாம் பரவியிருந்தது என்பதைப் பார்க்க வழியில்லாமலே அறுத்தார்கள். அந்த முடிவை ஓரத்தில் முளைத்த சிறு கட்டிக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது.

பெருஞ்செல் நரம்புச் சுரப்பு வகை இந்த விவாதத்துக்குள் பின்கதவு வழியாக நுழைந்தது. பெயர் தெரியாத ஓரக் கட்டி, சிறுசெல் அல்லாத புற்று என்று எண்ணி அறுக்கப்பட்டது. பிறகு பெயர் வந்தது. அப்படிச் சேர்ந்த நோயாளிகளின் கதிதான் அறுவையின் பலனைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி.

ஜப்பானில் ஹிசாவோ அசாமுராவும் கூட்டாளிகளும் செய்த வேலை இங்கே முக்கியமானது. பல மருத்துவமனைகளில் அறுத்து எடுக்கப்பட்ட நரம்புச் சுரப்புக் கட்டிகளின் பழைய ஸ்லைடுகளை எல்லாம் வரவழைத்து, தேர்ந்த நோயியல் மருத்துவர் குழுவைக்கொண்டு முதலிலிருந்து மறுபடி படிக்கவைத்தார்கள். பெயரைச் சரிபார்த்த பிறகே ஆயுளைக் கணக்கிட்டார்கள். 2006-இல் வெளியான முடிவு இது. 5 ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் சாதாரணக் கார்சினாய்டில் 96.2 சதவீதம், வழக்கம் மீறியதில் 77.8, பெருஞ்செல் நரம்புச் சுரப்பு வகையில் 40.3, சிறுசெல்லில் 35.7. கடைசி இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டும் ஒரே அளவு கொடியவை என்று அதைப் படிக்கலாம். சரியாகத் தேர்ந்தெடுத்து அறுத்தால் சிறுசெல்லிலும் மூவரில் ஒருவருக்கு மேல் பிழைக்கிறார் என்றும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பு எனக்கு நம்பிக்கை தருகிறது. அறுவை மேசை வரை வந்தவர்கள் நோய் பரவாதவர்கள், உடல் தாங்கக்கூடியவர்கள் என்பதை மறக்காமல்தான் அந்த நம்பிக்கையைச் சொல்கிறேன்.

வேறு ஆய்வுகளைப் புரட்டினால் எண்கள் இப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. அறுவைக்குப் பின் 5 ஆண்டு உயிர்வாழ்வு சில தொகுப்புகளில் 15 சதவீதம், சிலவற்றில் 57 சதவீதம். ஒரே நோய், ஏறத்தாழ ஒரே அறுவை. இத்தனை அகலம் எங்கிருந்து வருகிறது? நோயின் நிலை ஒரு காரணம். முதல் நிலையில் அறுத்தவர்கள் அதிகமுள்ள தொகுப்பில் எண் உயரும். ஆனால் பெயரே ஆடுகிறது என்பதும் பெரிய காரணம். பிரான்சில் முற்றிய நிலை நோயாளிகளைச் சேர்த்து ஒரு கீமோ சோதனை நடத்தினார்கள், 2013-இல் வெளிவந்தது. அந்தந்த மருத்துவமனை ‘பெருஞ்செல் நரம்புச் சுரப்பு’ என்று சொல்லி அனுப்பிய 40 பேரின் திசுவை நிபுணர்கள் ஒரே இடத்தில் வைத்து மறுபடி பார்த்தபோது, 11 பேருக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. அவர்களில் 9 பேருக்கு இருந்தது சிறுசெல் புற்று. நாலில் ஒருவருக்கு மேல் பெயர் மாறுகிறதென்றால், மறு ஆய்வு செய்யாத பழைய தொகுப்புகளின் சதவீதங்களை எவ்வளவு தூரம் நம்புவது? இந்த நோயைப் பற்றிய எந்த எண்ணைக் கண்டாலும் நான் முதலில் தேடுவது, ஸ்லைடுகளை மறுபடி பார்த்தார்களா என்பதைத்தான்.

அறுவைக்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய. பெட் ஸ்கேனில் இந்தக் கட்டி சர்க்கரையை ஆவலோடு இழுத்துப் பளிச்சென்று ஒளிரும். வேறெங்கும் அப்படி ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும். மூளைக்கு எம்.ஆர்.ஐ. கட்டாயம், ஏனென்றால் இந்தப் புற்றுக்கு மூளையின் மேல் தனி நாட்டம். இரு நுரையீரலுக்கும் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களை, மூச்சுக்குழாய்க்குள்ளிருந்தே ஒலி அலையால் பார்த்து ஊசி போட்டு எடுக்கலாம். அவற்றில் புற்று இருந்தால், முதலில் கத்தி என்ற திட்டமே மாறிவிடும். மீதமிருக்கும் நுரையீரல் தாங்குமா என்பதற்கு ஊதும் சோதனை, நடைச் சோதனை, சில இடங்களில் மாடிப்படி ஏறவைத்துப் பார்ப்பது. அதற்கு முன்பே சிகரெட்டை, பீடியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தியவர்களுக்கு அறுவைக்குப் பின் சளி கட்டுவதும் நிமோனியாவும் குறைவு.

நுரையீரல் புற்றுக்காக ஒரு பக்க நுரையீரலை ஒரே அறுவையில் முழுவதுமாக எடுத்து நோயாளியைப் பிழைக்கவைத்த முதல் அறுவை, 1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. செய்தவர் எவர்ட்ஸ் கிரகாம். நோயாளி ஒரு மருத்துவர். அதன் பிறகு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். கிரகாமே 1950-இல் எர்ன்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து, புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை எண்களோடு காட்டினார். நெடுநாள் புகைத்த அவர் 1957-இல் நுரையீரல் புற்றால் இறந்தார். அவர் பிழைக்கவைத்த நோயாளி அவருக்குப் பின்னும் வாழ்ந்தார்.

இன்று முழு நுரையீரலையும் எடுப்பது அரிது. வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. கட்டியுள்ள மடலை மட்டும் எடுக்கிறார்கள். மயக்க மருத்துவர் அந்தப் பக்க நுரையீரலுக்குக் காற்று போவதை நிறுத்தியதும் அது சுருங்கி, வேலை செய்ய இடம் கிடைக்கிறது. மடலுக்குப் போகும் தமனி, அதிலிருந்து திரும்பும் சிரை, மூச்சுக்குழாய் ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து, ஸ்டேப்ளரால் மூடி வெட்டுகிறார்கள். விலா இடுக்கில் போட்ட சிறு துளைகள் வழியாகவே இதை இப்போது முடிக்க முடிகிறது. நடுமார்பிலுள்ள கணுக்களையும் முறையாக எடுத்தாக வேண்டும். நோயின் உண்மையான நிலை அவற்றில்தான் தெரியும். அறுவை முடிந்ததும் மார்பிலிருந்து ஒரு குழாய் படுக்கைக்குக் கீழே உள்ள நீர்ப்புட்டிக்குப் போகும். நோயாளி இருமும்போது புட்டியில் குமிழி வந்தால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். குமிழி நின்று, நுரையீரல் விரிந்த பிறகே குழாயை எடுப்பார்கள்.

மடலில் ஒரு கூறை மட்டும் எடுத்தால் போதாதா என்ற கேள்வி, 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சாதாரண நுரையீரல் புற்றுகளுக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய சோதனைகளுக்குப் பிறகு வலுவாக எழுந்திருக்கிறது. அந்தச் சோதனைகள் இந்த நோய்க்காக நடந்தவை அல்ல. பெயர் முன்கூட்டித் தெரிந்தால், முழு மடலையும் எடுப்பதையே நான் ஆதரிப்பேன்.

பிறகு அறிக்கை வருகிறது, பெயரும் வருகிறது. கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, கணுக்களில் ஒன்றுமில்லை, முதல் நிலை. இதே நிலையில் சிறிய அடினோகார்சினோமா என்றால் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிக் கண்காணிப்பார்கள். இங்கே அப்படி விடுவது ஆபத்து. முதல் நிலையிலேயே அறுத்தும் இந்த நோய் திரும்புகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். திரும்புவது அறுத்த இடத்தில் குறைவு; மூளை, கல்லீரல், எலும்பு என்று தொலைவில்தான் அதிகம். அறுத்த நாளிலேயே கண்ணுக்குத் தெரியாத செல்கள் ரத்தத்தில் வெளியேறியிருந்தன என்பதே இதன் பொருள். அவற்றைக் கத்தி தொட முடியாது.

ஆகவே கீமோ. ஜப்பானில் அகிரா இயோடாவின் குழு, அறுவைக்குப் பின் 15 பேருக்குச் சிறுசெல் புற்றுக்குத் தரும் சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு ஜோடியைக் கொடுத்துப் பார்த்தது. 5 ஆண்டு உயிர்வாழ்வு 88.9 சதவீதம். கீமோ தரப்படாத முந்தைய காலத்து நோயாளிகளில் 47.4 சதவீதம். 15 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான், பழைய நோயாளிகளோடு ஒப்பிடுவதும் பலவீனமான முறைதான். என்றாலும் 2006-இல் வந்த அந்தக் கட்டுரை திசையைக் காட்டியது. பிற்பாடு அமெரிக்காவின் தேசியப் புற்றுப் பதிவேட்டிலிருந்து, முதல் நிலையில் அறுத்த 1,232 பேரை எடுத்துப் பார்த்தார்கள். அறுவை மட்டும் பெற்றவர்களில் 5 ஆண்டு வாழ்ந்தவர்கள் 48.4 சதவீதம், கீமோவும் பெற்றவர்களில் 64.5 சதவீதம். இதிலும் எச்சரிக்கை வேண்டும். அறுவையிலிருந்து நன்றாகத் தேறியவருக்குத்தான் கீமோ தருவார்கள். அவர் எப்படியும் சற்றுக் கூடுதலாக வாழக்கூடியவர். அதையெல்லாம் கழித்த பிறகும் உடல் தாங்குமானால் கீமோ தருவதே நல்லது என்பது என் கருத்து.

எந்தக் கீமோ என்பதற்கு ஜப்பானிய மருத்துவர்கள் முறையான சோதனையே நடத்தினார்கள். அறுவை முடிந்த 221 பேர், இரண்டு கொடிய வகைகளையும் சேர்ந்தவர்கள். ஒரு குழுவுக்கு எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின். மறு குழுவுக்கு இரினோடெகான், சிஸ்பிளாட்டின். 3 ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முறையே 65.4, 69.0 சதவீதம். வித்தியாசம் நிரூபணமாகவில்லை, ஆகவே பழைய ஜோடியே நிலைத்தது. அரிய நோயில் இப்படிப்பட்ட ஒரு சோதனைக்கு நாடு முழுவதுமுள்ள மருத்துவமனைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து நோயாளிகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இதற்கிடையில் மரபணு ஆய்வு இன்னொரு பிளவைக் காட்டிவிட்டது. 2016-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் நடாஷா ரெக்ட்மனின் குழு 45 கட்டிகளின் மரபணுக்களைப் படித்தது. 18 கட்டிகளில் டி.பி.53, ஆர்.பி.1 என்ற இரண்டு காவல் மரபணுக்களும் சேர்ந்தே கெட்டிருந்தன. அது சிறுசெல் புற்றின் முத்திரை. 25 கட்டிகளிலோ எஸ்.டி.கே.11, கே.ராஸ் போன்ற, சாதாரண நுரையீரல் புற்றில் காணும் கேடுகள். மீதி 2 கார்சினாய்டின் சாயல். மைக்ரோஸ்கோப்பில் ஒரே முகம் காட்டியவை உள்ளே வெவ்வேறு வழியில் கெட்டவை. அதன் பின்விளைவு நோயாளிவரை வருகிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2018-இல், முற்றிய நிலையில் ஆர்.பி.1 கெடாத நோயாளிகளுக்கு எட்டோபோசைடு ஜோடியைவிட, ஜெம்சிடபின் அல்லது டாக்ஸேன் சேர்ந்த ஜோடி கூடுதல் ஆயுளைத் தந்ததாகக் கண்டார்கள். அறுவைக்குப் பின் தரும் கீமோவையும் இப்படி மரபணு பார்த்துப் பிரிப்பதா என்பது இனி சோதித்துப் பார்க்க வேண்டியது. ஆக, 15 முதல் 57 வரை சிதறிய எண்களுக்கு இன்னொரு விளக்கமும் கிடைக்கிறது: ஒரே பெயரின் கீழ் குறைந்தது இரண்டு நோய்கள் இருந்திருக்கின்றன.

கண்காணிப்பு நெருக்கமாக இருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் சில மாதங்களுக்கு ஒருமுறை சி.டி. ஸ்கேன். புதிதாகத் தலைவலியோ, நடையில் தள்ளாட்டமோ, பேச்சில் குழறலோ வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் மூளைக்கு எம்.ஆர்.ஐ. மூளையில் ஒன்றிரண்டு சிறு புள்ளிகளாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், அந்த இடத்தை மட்டும் குறிவைக்கும் கதிர்வீச்சுக்கு வாய்ப்பிருக்கிறது.

நோயாளியின் குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூடத்தில் மெழுகுக் கட்டை என்று ஒன்று இருக்கிறது. சிறு பிளாஸ்டிக் கூண்டின் மேல் வெண்மெழுகு, அதற்குள் வெளிறிய திசு, ஓரத்தில் எண். அறை வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் கெடாது. நிறச் சோதனையை மறுபடி செய்ய வேண்டுமானாலும், ஆர்.பி.1 பார்க்க வேண்டுமானாலும், வேறு ஊர் நிபுணரிடம் இரண்டாவது கருத்து கேட்க வேண்டுமானாலும் அதுதான் தேவை. பலர் அறிக்கையின் நகலை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போய், அங்கே கட்டையைக் கேட்டதும் திரும்ப ஊருக்கு ஓடுகிறார்கள். அறிக்கையில் இந்த நோயின் பெயரோ, ‘இருக்கக்கூடும்’ என்ற வரியோ இருந்தால், கையெழுத்துப் போட்டு ஸ்லைடுகளையும் கட்டையையும் கேட்டு வாங்குங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். எண் அறிக்கையில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். நரம்புச் சுரப்புக் கட்டிகளை அடிக்கடி பார்க்கும் நோயியல் மருத்துவர் ஒருவர் கீமோ தொடங்கும் முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும்.